ஜெசிந்தாவின் தொட்டி

மன்னார் வளைகுடா, மிதவை நிலையம்
ஏப்ரல் 9, 2081. காலை 6.10

தொட்டி நீர் 31 டிகிரி. கார்பன் டை ஆக்சைடு, வெளிக்காற்றைப் போல ஒன்றரை மடங்கு. நிறம் பச்சை. எல்லாம் சரி.

எழுதுகிறவன் மிக்கேல் பர்னாந்து, பம்ப் மெக்கானிக். படிப்பு பத்தாவது, அதுவும் ரெண்டாம் தடவையில். தொட்டியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி. கடலில் மீனுக்கெல்லாம் முதல் சோறு இதுதான். கடல் சூடாகி, புளித்துக்கொண்டே போவதால் நாளைய கடலை இன்றே தொட்டியில் வைத்துப் பாசியைப் பழக்குகிறாள் என் மகள் ஜெசிந்தா. அவள் தூத்துக்குடி ஆய்வகத்தில். நான் இங்கே காவல்.

காலை ரேடியோவில் வந்தாள்: "எப்பா, புள்ளைங்க எப்படி இருக்கு?"

பெத்தவன் எப்படி இருக்கான் என்பது ரெண்டாவது கேள்வி. சில நாள் அதுவும் கிடையாது.

ஏப்ரல் 14. காலை 7.00

இன்று மாற்றும் நாள். ஒரு கரண்டிப் பாசியைப் புதுத் தண்ணீரில் விட்டு, மிச்சத்தைக் கொட்ட வேண்டும். கொட்டும்போது ஒரு சந்தோஷம். எழுதக் கூடாது, எழுதிட்டேன்.

சூட்டை நல்லா கத்துக்கிட்டுதுங்க என்றேன். "கத்துக்கல எப்பா. தாங்குனது பெருகிச்சு, தாங்காதது போச்சு. நாளுக்கு ஒரு தலைமுறை!" என்றாள். அந்தக் குரலில் என்ன பெருமை! பத்தாவது பாஸானபோது எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ஏப்ரல் 17. மதியம் 2.30

ராத்திரி அடித்த புயல் போய்விட்டது. சோலார் தகடுகள் முக்கால்வாசியும் அதனோடு போயின. தொட்டியின் வெப்பமானி உடைந்தது. மிச்சக் கரண்டில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஒன்றுதான் ஓடும்: அதன் குழாயைத் தொட்டிக்குக் கொடுக்கலாம், அல்லது என் அறைக்கு. வெளியே புழுக்கத்தில் வேர்வை காயவே மாட்டேன் என்கிறது, குளிர் இல்லாமல் ஆள் தாங்காது. படகு வர மூன்று நாள்.

ஜெசிந்தா: "எப்பா, சில்லர் குழாய ரூமுக்கு மாத்துங்க. தொட்டி போனா போகட்டும்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

எனக்காகவா, தொட்டிக்காகவா?

ஏப்ரல் 18. காலை 8.20

ராத்திரியெல்லாம் யோசித்தேன். இப்போது இதுங்க செத்தால், சாகும்வரை அவள் இதுங்களையே நினைப்பாள். உயிரோடு இருக்கிற பாசியோடு மல்லுக்கட்டலாம். செத்த பாசியோடு எவன் மல்லுக்கட்டுவான்? குழாயைத் தொட்டியிலேயே விட்டுவிட்டேன். சில்லர் 31 காட்டுகிறது.

"ரூம் குளிருதா எப்பா?"

"போர்வை தேடுறேன் மக்களே."

ஏப்ரல் 19. காலை 10 இருக்கும்

தலைவலி, காய்ச்சல். ரெண்டு தடவை வாந்தி. தண்ணி குடித்தாலும் நிற்கவில்லை. ரேடியோவில் ஜெசிந்தா ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். என் காய்ச்சலைவிட அந்தப் பாட்டு யாருக்கு என்பதுதான் அரிக்கிறது. நல்ல அப்பன்.

ஏப்ரல் 20. காலை

தொட்டிக்குத் தவழ்ந்து போனேன். கையை உள்ளே விட்டேன். வெந்நீர். கையடக்க வெப்பமானியில் 36.

குழாய் புயலிலேயே கழன்றிருக்கிறது. முனை கடலில் தொங்குகிறது. சில்லர் காட்டிய 31 அது வெளியே விடும் தண்ணீரின் சூடு, தொட்டியின் சூடு இல்லை. மூன்று நாளாகக் கடலைக் குளிரவைத்திருக்கிறேன். முப்பது வருஷ பம்ப் மெக்கானிக், குழாயைப் பார்க்கவில்லை.

பாசி சாகவில்லை. கரும்பச்சை. நேற்றைவிட அடர்த்தி. நுண்ணோக்கியில் பார்த்தேன், எல்லாம் பிளந்துகொண்டு நிற்கிறது. என் குளிர் அதுங்களுக்குத் தேவையே படவில்லை.

குழாயை அறைக்கு இழுத்தேன். பாதிதான். கை வரவில்லை.

"எப்பா, படகு சாயங்காலம். எப்பா? பதில் சொல்லுங்க!"

சொன்னேன். வாய் குழறியது. உன் பாசி 36-ல் நல்லா இருக்கு, கொண்டுபோய்க் கடல்ல விடு. சிரிப்பாள் என்று பார்த்தேன். "பாசியத் தூக்கிப் போடுங்க, நீங்க எங்க படுத்திருக்கீங்க?" என்று கத்துகிறாள்.

கேட்க நல்லா இருக்கு. இன்னும் கத்தட்டும்.

வேர்வை நின்றுவிட்டது. தோல் காய்ந்து

தொட்டியில் ஒண்ணு ரெண்டாகுது. ரெண்டு நாலாகுது. என்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதுவும்