தங்கச்சி அழுகிறாள்

அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா,

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. எல்லாரும் தூங்குகிறார்கள்.

பிறந்தது முதல் தங்கச்சி அழவே இல்லை. பார்க்க வந்தவர்கள் சமத்துப் பிள்ளை என்றார்கள். குரோம்பேட்டை டாக்டரம்மாதான் ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு சுரக்கவில்லை, அதனால்தான் இப்படிச் சோர்ந்து கிடக்கிறாள் என்றார். மூளை வளரும் மாதங்கள் இவை, ஒரு நாள்கூட மாத்திரையை விடக்கூடாதாம்.

மாத்திரை கொடுத்த இரண்டாவது வாரமே தங்கச்சி அழத் தொடங்கினாள். பெரியம்மா வந்து, "கம்முனு தூங்கிக்கினு இருந்த புள்ளய மருந்து குடுத்து பேஜாராக்கிட்டியேடி!" என்றார்கள். அம்மா மாத்திரை அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நான் தடுத்தேன். "ஒன்பதாவது படிக்கிற, அதுக்குள்ள டாக்டராயிட்டியா?" என்று திட்டு.

அந்த அட்டைகள் இப்போது என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கின்றன. தினமும் விடியும் முன் ஒன்றைக் கரண்டியில் பொடித்து, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறேன். ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்து, விடியும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை போனில் அம்மா பக்கத்திலேயே நிற்பதால் சொல்ல முடியவில்லை. இந்தக் கடிதம் ஷார்ஜா வரப் பத்து நாளாகும். பதினான்கு மாத்திரைதான் மிச்சம். நீங்கள் சொன்னால் அம்மா கேட்பார்கள்.

இதோ அழுகிறாள். அம்மா எழுந்துவிடுவார்கள், விளக்கை அணைக்க வேண்டும். முன்பெல்லாம் பசித்தால்கூட அவளுக்கு அழத் தெரியாது அத்தா.

உங்கள் மூத்த மகள்