வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

இஞ்சேருங்கோ,

காலையிலிருந்து குசினி முழுவதும் சைக்கிள் எண்ணெய் மணக்கிறது. வெங்காயம் வதக்கிப் பார்த்தேன், ஜன்னலைத் திறந்து விட்டேன், போகவில்லை. மகள் உங்களுடைய சைக்கிளை நிலவறையிலிருந்து தூக்கி வந்து, நீங்கள் செய்வது போலவே குசினி நடுவில் பழைய விளம்பரத் தாள்களை விரித்து நிறுத்தி, செயினுக்கு எண்ணெய் விட்டாள். நீங்கள் போன பிறகு அது மேலே வந்தது இதுதான் முதல் தடவை. 

வரும் திங்கட்கிழமை அவள் வெளிக்கிடுகிறாள். நீங்கள் போட்டு வைத்த அதே பயணம். இங்கே ஜெர்மனியில் கேவலார் மாதா, பெல்ஜியத்தில் பனோ மாதா, பிரான்ஸில் லூர்து மாதா, பிறகு ஸ்பெயினைக் கடந்து போர்த்துக்கல்லில் பாத்திமா. தனியே.

அவளுக்கு மூளைக் காய்ச்சல் வந்து, வுப்பர்டால் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்த நாள் நினைவிருக்கிறதா? வெளி நடையில் நின்று நேர்த்தி வைத்தீர்கள். "தாயே, பிள்ளையைத் தாரும். உம்முடைய கோயில் ஒவ்வொண்டாய்க் கும்பிட்டுக்கொண்டு பாத்திமா வரைக்கும் தனிய வாறன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடக்க முழங்கால் விடாது. சைக்கிளிலை வாறன்" என்று சேர்த்தீர்கள். அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்தது.

"மாதாவோடையும் பேரம் பேசுறியளோ?"

"நீர் சும்மா இரும். செய்ய ஏலாததைச் சொல்லி அவவை ஏமாத்தவோ?"

பிள்ளை கண் திறந்தாள். உங்களுக்கு உணவகச் சமையலறையை விட்டு அசைய முடியாத வருடங்கள் ஓடின. பென்ஷன் வந்த பிறகுதான் வரைபடங்களை மேசையில் விரித்தீர்கள். பாதை உங்களுடையது, கணக்கு என்னுடையது. சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களைப் பார்த்து ஜெர்மன் படித்தவள் நான். அப்படியே வரைபடமும் பார்க்கப் படித்தேன். எந்த ஊரில் படுக்கை, எங்கே தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தால் பாண் எப்போது வாங்குவது என்று எல்லாம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். "உம்மை நம்பித்தான் மாதா என்னைக் கூப்பிடுறா" என்றீர்கள்.

பழகுவதற்காக அடிக்கடி சைக்கிளில் போய் வந்தீர்கள். ஒருநாள் நீங்கள் சைக்கிளைத் தோளில் போட்டுப் படியிறங்கும்போது நான் மேலே நின்று, "எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டேன். பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறி வந்தீர்கள். கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்கள்.

"வெளிக்கிடேக்கை எங்கையெண்டு கேட்கக் கூடாதெண்டு தெரியாதோ? போற காரியம் சரிவராது."

"இஞ்ச ஜெர்மன்காரர் எல்லாம் கேட்டுக்கொண்டுதானே திரியினம்."

"அதுதான் அவையின்ரை ரயில் ஒண்டும் நேரத்துக்கு வாறேல்லை!"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தண்ணீரைக் குடித்து, கொஞ்ச நேரம் இருந்து, புதிதாகப் புறப்படுகிறவர் போலப் போனீர்கள். அதன் பிறகு நான் கேட்டதேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்கவில்லை. பூசை முடிந்து வந்து, பைகளையெல்லாம் கட்டி, பாரத்தோடு ஓட்டிப் பார்க்கப் போகிறேன் என்றீர்கள். கைப்பேசி அடித்தால் செபமாலை குழம்பும் என்று அதை மேசையில் வைத்தீர்கள். "கவனம்" என்றேன். "வாறன்" என்றீர்கள். சாப்பாடு ஆறியது. வெளியே இருட்டியது.

வாசலில் நின்ற பொலிஸ்காரி சின்னப் பெண், பொறுமையானவள். எந்தப் பக்கம் போனார் என்று கேட்டாள். நான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்பெயின் என்று விரலால் தடவி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்றைக்கு எங்கே போனார்?" என்றாள்.

பாத்திமா வரைக்கும் நீங்கள் எந்த ஊரில் படுப்பீர்கள் என்று சொல்ல எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினீர்களா இடப்பக்கமா என்று தெரியவில்லை. அவர்கள் ஆற்றங்கரையில் தேடினார்கள். மறுநாள், நாயோடு நடக்கப்போன ஒருவர்தான் காட்டு மேட்டில் உங்களைக் கண்டார். சைக்கிளை மரத்தில் ஒழுங்காகச் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தபடியே இருந்தீர்களாம். கையில் செபமாலை. இதயம் என்றார் டாக்டர். முன்னமே கண்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அவர் கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒருநாள், பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு அக்கா என் காதுக்குள் சொன்னா: "நேர்த்தி குறையிலை நிண்டால், ஆருக்காக வைச்சதோ அவையைத்தான் தேடி வரும், பிள்ளை." பங்குச் சுவாமியிடம் ஓடினேன். "மாதா அப்பிடிக் கணக்குப் பார்க்கிறவ இல்லை அம்மா" என்று சிரித்தார். மாதா பார்க்காமல் இருக்கலாம். நான் பார்க்கிறவள். எனக்கு ஆறவில்லை. போகாவிட்டால் நேர்த்தி பிள்ளையின் தலையில் நிற்கிறது. போனால் தெரு நிற்கிறது, தனி இரவுகள் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நித்திரையில்லாமல் கிடந்த என்னிடம் ஒன்றும் கேட்காமல், மகள் வேலையில் ஊர்லாப், லீவு, எடுத்துவிட்டாள். "எனக்காகத்தானே அப்பா வைச்சவர்? நான் போகாமல் ஆர் போறது?" என்றாள்.

இன்று காலை, உங்களைப் போலவே பைகளையெல்லாம் கட்டி, பாரம் பார்க்க வெளிக்கிட்டாள். ஹெல்மெட்டைப் போட்டுக் கதவைத் திறந்தாள்.  வாய் திறந்து கேட்டுவிட்டேன்.

"எங்கை போறாய்?"

அப்படியே நின்றாள். இதையெல்லாம் நம்பாத பிள்ளை. ஆனால் அவளுடைய முகம் வெளிறிப் போனதை நான் கண்டேன். "அம்மா!" என்றாள். பிறகு சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, உங்களுடைய கதிரையில் வந்து இருந்து, தண்ணீருக்குக் கையை நீட்டினாள்.  குடித்து முடித்தபின்தான் சொன்னாள்.

"ஆத்தங்கரையாலை போய், அணைக்கட்டு வரைக்கும். அதே வழியாலை திரும்பி வருவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிப்பன். போதுமோ?"

தன்னுடைய கைப்பேசி எங்கே இருக்கிறது என்று என்னுடையதில் பார்க்கவும் காட்டித் தந்தாள். மலை மறைக்கிற இடத்தில் திரையில் அவளைக் காட்டும் நீலப் புள்ளி அசையாது, பயப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் என்னோடு கோபிப்பீர்கள். கோபியுங்கோ. இனி அவள் பாத்திமா போய்ச் சேரும்வரை ஒவ்வொரு காலையும் போனில் கேட்பேன். நீங்கள் விட்டுப்போன நேர்த்தி அவளுக்கு. நான் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி எனக்கு.

சோறு வடித்துவிட்டேன். மழை பிடித்திருக்கிறது. நீலப் புள்ளி பாலத்தடியில் நிற்கிறது, நெடுநேரமாக அங்கேயே நிற்கிறது. மாதாவின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு, ஆற்றங்கரைப் பக்கத்து ஜன்னலடியில் முழங்காலில் இருக்கிறேன்.

இந்தமுறை எந்தப் பாதையைப் பார்த்து மன்றாட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.