முன்னெல்லாம் என்ற ஒரு வார்த்தை

கோட்டைக்குப்பம்

ஆல்வினுக்கு அம்மா எழுதுவது. என் பேச்சில் ஒரு வார்த்தையை வெட்டி என்னை ஊருக்குப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய். அதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க மனசு வருகிறது. ஆண்டவர் கிருபையில் எனக்கும் உன் தங்கை கிறிஸ்டினாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மும்பையில் நல்ல மழையாமே, நனையாதே.

கிறிஸ்துமசுக்கு வந்தபோது என்னை ஏரியில் நிற்கவைத்து செல்போனில் படம் எடுத்தாய், வீட்டுக்கு என்று நினைத்தேன். "முன்னெல்லாம் இந்த ஏரில தடவுனா கை நெறைய எறா வரும்பா" என்றேன். உன் ஆலைக் கம்பெனி எல்லார் போனிலும் வரும்படி போட்ட படத்தில் முன்னெல்லாம் இல்லை. கீழே, எங்கள் ஆலையால் ஏரிக்குக் கேடில்லை, இந்தத் தாயே சாட்சி என்று எழுதியிருக்கிறது. ஆலை விடும் சுடுதண்ணீரில் எறாக்குஞ்சு சாகிறது என்று ஊரார் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அந்த மனுவுக்காக நடந்த பொன்னேரி விசாரணையில் உன் அதிகாரி என் முகத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டி, இது நீங்கதானே அம்மா என்று மரியாதையாகத்தான் கேட்டார், நான்தான் என்றேன், மேலே பேச வாயெடுத்தேன், போதும் என்று உட்காரவைத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, என்னோடு எறா தடவும் மரியம்மா, "இன்னா சூச, கை நெறையவா? எங்களுக்கும் ரெண்டு குடேன்" என்றாள், பஸ்ஸே சிரித்தது. இப்போது என்னோடு யாரும் ஏரியில் இறங்குவதில்லை. எறா போடும் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் கையால் தடவும்போது எப்படியும் பேச முடியாது, கரையேறிய பிறகும் பேச ஆளில்லை.

போனில் கேட்டதற்கு, நீளமா இருந்தா யாரும் பாக்கமாட்டாங்கம்மா என்றாய். முன்னெல்லாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், நீயே சொல்லிப் பார். பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான், ஒரு எழுத்து போனாலே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மேலதிகாரி சொன்னார் என்று சொல்லாதே, வெட்டியது உன் கை.

நீ அந்த முழுப் பேச்சையும் அதே இடத்தில் போட வேண்டும், எந்த வார்த்தையை வெட்டினோம் என்றும் எழுத வேண்டும். உன் அதிகாரி அடுத்த விசாரணையில் அதே சுவரில் அதைக் காட்ட வேண்டும். அது வந்துவிட்டதா என்று கிறிஸ்டினா தினமும் போனில் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. விசாரணை இருபதாம் தேதி, மறக்காதே. அதுவரை நீ ஒன்றும் செய்யாவிட்டால், வெட்டியது யார் என்று அந்த விசாரணைச் சபையில் நான் சொல்ல வேண்டும். அப்போது உன் பெயரில் ஒரு எழுத்தையும் விடமாட்டேன்.

உன் அம்மா
சூசையம்மாள்