பதினொன்றாம் வசனத்தோடு நிறுத்தியது

மே 6, செவ்வாய்

ஜூன் முதல் ஞாயிறு பெண்கள் சங்கத்தில் ஆகாய் தீர்க்கதரிசியின் முதல் அதிகாரத்தை நான் விளக்க வேண்டுமாம். "எம்.எஸ்ஸி. படிச்சவ நீ ஒருத்திதான கண்ணு" என்றார் போதகரம்மா. மறுக்க முடியவில்லை.

பெனிட்டாவுக்கு மூன்று மாதம். குடித்து முடித்தவுடனே மறுபடி அழுகிறாள். எனக்குப் பால் போதவில்லை. என் கணவர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர்க்கிணறு போட்டுக்கொண்டிருக்கிறார். போனில் பவுடர் பால் வாங்கச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்றேன்.

மே 9, வெள்ளி

பதினொன்றாம் வசனம் வரை படித்தேன். மிகுதியாய் விதைத்தீர்கள், கொஞ்சமாய் அறுத்தீர்கள். தின்றும் வயிறு நிறையவில்லை. என் ஆலயம் பாழாய்க் கிடக்க அவனவன் தன் வீட்டுக்கு ஓடினீர்கள், ஆகையால் வானம் பனியை அடக்கிக்கொண்டது.

புத்தகத்தை மூடிவிட்டேன். ஏழாம் மாதத்தில் ரத்தம் பட்டபோது, குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் உலையில் போடும்முன் தினம் ஒரு பிடி அரிசி கோயிலுக்கு எடுத்து வைப்பதாகப் பொருத்தனை செய்தேனே! பிறந்த பிறகு பிடியரிசி டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஆகையால்தானா எனக்குப் பாலும் அடங்கியது?

மே 10, சனி

இன்று முதல் பிடியரிசி. விட்ட நாட்களுக்கும் சேர்த்து, வேளைக்கு இரண்டு பிடி. வீட்டில் நானும் மாமியாரும்தான். அத்தையின் பங்கைக் குறைக்க முடியாது. என் பங்கிலிருந்து.

மே 16, வெள்ளி

மாலை வரை உபவாசம். பால் கொடுப்பவர்கள் உபவாசம் இருக்கக் கூடாது என்று போதகரம்மா போன மாதமே சொன்னது நினைவிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. "தின்னியா சாமி?" என்று அத்தை கேட்டார். ஆச்சுங்கத்தை என்றேன்.

மே 20, செவ்வாய்

டப்பா நிறைகிறது. பால் வரவில்லை. இன்னும் எதில் கீழ்ப்படியவில்லை நான்?

மே 21, புதன்

பெனிட்டா காலையிலிருந்து அழவே இல்லை. நல்ல பிள்ளையாக இருக்கிறாள் என்று நினைத்தேனே, பாவி. அத்தைதான் தொட்டுப் பார்த்துவிட்டு ஆட்டோவை அழைத்தார்.

போன மாதம் நாலு கிலோ நூறு. இன்று மூன்று எழுநூறு. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள், கையில் குளுக்கோஸ் ஊசி. "நீங்க என்னம்மா சாப்புடறீங்க?" என்று நர்ஸ் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தை வெளியே போய் நின்றுகொண்டார்.

மே 22, வியாழன்

அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏஞ்சாமி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?"

மே 27, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். புட்டிப்பால். எனக்குச் சொட்டும் இல்லை. குழந்தையை எடுக்கும்போதெல்லாம் அத்தை அருகில் வந்து நிற்கிறார். நம்பிக்கை போய்விட்டது. அவருக்கும் எனக்கும், என்மேல்.

ஜூன் 1, ஞாயிறு

சங்கத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தபடி காலையில் மீதி அதிகாரத்தைப் படித்தேன். பலகை அடித்த வீட்டில் சுகமாக இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கண்டிப்பு. நாங்கள் இருப்பது சிமெண்ட் அட்டைக் கூரையின் கீழ். அவர்களிடமும் கர்த்தர் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. மலைக்குப் போய் மரம் கொண்டுவந்து கட்டச் சொன்னார், அவ்வளவுதான். அவர்கள் செவிகொடுத்த உடனே, பதின்மூன்றாம் வசனம் — நான் உங்களோடே இருக்கிறேன்.

இன்னும் இரண்டே வசனம். அதுவரை கூட நான் வரவில்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னேன், என்னைப் பற்றியும் சொன்னேன். பின்வரிசையில், என்னைப்போலவே பால் கொடுக்கும் சரிதா கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

பெனிட்டா நாலு கிலோ ஐநூறு. என் மடியில் படுத்ததும் முகத்தை அத்தை பக்கம் திருப்பிப் புட்டியைத் தேடுகிறாள்.

பிடியரிசி டப்பாவைக் கோயிலுக்குக் கொண்டுபோகவில்லை. அதிலிருந்து எடுத்து உலை வைத்தேன். அத்தை பார்த்தார். சோற்றை முதலில் எனக்குப் போட்டு, நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.