கிரேனுக்குக் காட்டிய கை

அன்புள்ள பேச்சிச்செல்விக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் சென்னையில் நன்றாக இருக்கிறேன். போனில் என் குரலை வைத்தே ஏதாவது கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நேற்று சாஃப்ட்வேர் வகுப்பில் ஒரு கூத்து. நான் எழுதிய புரோகிராம் நிற்காமல் ஓடி, ஒரே வரியைத் திரை முழுக்கக் கொட்டிக்கொண்டே இருந்தது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தோன்றவில்லை. சட்டென்று எழுந்து, துறைமுகத்தில் செய்வதுபோல இரண்டு கைகளையும் விரித்து ஆட்டிவிட்டேன்.

“அண்ணா, என்ன பண்றீங்க?” என்றாள் பாடம் நடத்தும் பெண்.

“கிரேன நிறுத்துதேம்மா” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வேலையை விட்டு ஆறு மாதம்தானே ஆகிறது, பன்னிரண்டு வருஷப் பழக்கம் அதற்குள் போகுமா? அங்கே கப்பல் இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைச் சைகைதான். கிரேன் ஓட்டும் ஞானையா அண்ணாச்சி மேலே இருந்து நாள் முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே சத்தமே இல்லை. ஆளுக்கொரு ஹெட்போன். பக்கத்தில் இருப்பவர்கூடத் திரும்புவதில்லை.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. காரம் குறைக்காமல் அரைத்து அனுப்பு. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, இன்னும் ஒன்றே ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் போட்டு, போனை அடுப்படி ஜன்னலில் சாய்த்து வை. பேச வேண்டாம், நீ உன் வேலையைப் பார். நடுவில் நான் கை காட்டுவேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

உன்
மாரிச்செல்வம்