துவைக்கும் துறையில் வைத்துத் தெவனாவின் ஜெபத்தைக் கேட்க வேண்டி

அனுப்புநர்:
பெர்னெத்,
கயிறு திரிக்கும் அமே என்பவரின் மனைவி,
மீன்வாசல் தெரு, மொந்தெல்.

பெறுநர்:
கனம் ஜெரார்து மார்வால் அவர்கள்,
நகரத் தலைவர், மூப்பர் சங்கத்தின் தலைவர்,
மொந்தெல்.

பொருள்: சலவைக்காரி தெவனா திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டது – ஈஸ்டருக்கு முன் அவரை மறுபடியும் விசாரிக்கக் கோருவது – சங்கத்தின் பெட்டியில் உள்ள மணி ஒன்றைக் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

கர்த்தருடைய கிருபையால் தாங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். சங்கத்தின் தீர்ப்பைக் குறைசொல்ல நான் தகுதியுள்ளவளல்ல. ஆனால் நடந்ததில் ஒரு பாதிதான் சங்கத்தின் கண்ணில் பட்டது. மறுபாதி எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருப்பது பாவம் என்று என் மனச்சாட்சி இரண்டு மாதமாக என்னைக் குத்துகிறபடியால் எழுதுகிறேன்.

1. நான் பள்ளிக்கூடம் போனவளல்ல. இந்த நகரம் சீர்திருத்தத்தை ஏற்று, லத்தீன் ஜெபத்தையும் ஜெபமாலையையும் விலக்கிய வருடம், நம் மொழியில் அச்சிட்ட ஜெபத்தாள் ஒன்றை என் கணவர் அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்தார். பாடமாகத் தெரிந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சொல்லின்மேலும் விரலை வைத்து வைத்துப் படிக்கக் கற்றேன். குழம்பு தீய்ந்த நாட்களும் உண்டு. இப்போது கணக்குப் புத்தகம் எழுதுகிறேன். முன்பக்கத்தில் வீட்டுச் செலவு, பின்பக்கத்தில் ஞாயிறுதோறும் பிரசங்கத்தின் தலைப்புகள். கீழே வரும் தேதிகளெல்லாம் அந்தப் பின்பக்கத்திலிருந்து எடுத்தவை.

2. தெவனாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. படகோட்டியின் விதவை. ஏரியின் அக்கரையில் பிறந்தவர். சிறுவயதில் கற்ற ஜெபமெல்லாம் லத்தீனில். பொருள் கேட்டால் அவருக்கும் தெரியாது, கற்றுக்கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. நகரத்தில் பாதி வீட்டுத் துணி அவர் கையில்தான் வெளுக்கிறது. ஆலயத்தில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து மேஜைமேல் விரிக்கும் வெள்ளைத் துணியும் அப்படியே. ஒன்பது வருடமாக அதை வெளுத்துத் தருகிறார். இந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவர் வெளுத்த துணிதான் விரிக்கப்பட்டது. அவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

3. சென்ற ஆகஸ்டு 28 வியாழனன்று சங்கம் விசாரித்தபோது, நம் மொழியில் ஒரு ஜெபமும் சொல்ல அவருக்கு வரவில்லை. ஞாயிறு நண்பகல் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும்படி கட்டளையாயிற்று. பதினாறு ஞாயிறு உட்கார்ந்தார், ஒன்றும் விடவில்லை. அந்தப் பெஞ்சு ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தது. அவர் முழங்கால் தாடையைத் தொட்டுக்கொண்டிருக்கும். “தெவனாக்கா, எப்ப இந்த பெஞ்ச விட்டு எந்திரிப்பீங்க?” என்று பிள்ளைகள் சீண்டினால், “நான் எந்திரிச்சா நீங்கல்லாம் அந்தப் பக்கமா கவுந்துருவீங்க. அதான் உக்காந்திருக்கேன்” என்பார். பிள்ளைகள் அவரை நேசித்தார்கள். ஆனால் பாடம் மட்டும் ஏறவில்லை.

4. நான் சொல்லிக்கொடுக்க முன்வந்தேன். என் வீட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் மாலைவரை ஒரு வரியும் நிற்காது. அக்டோபர் 6 திங்களன்று துவைக்கும் துறையில் நானும் என் துணியோடு இருந்தேன். பேச்சுவாக்கில் ஒரு வரி சொன்னேன். அவர் கல்லில் ஒரு அடி அடித்துவிட்டு அதைத் திருப்பிச் சொன்னார். அடுத்த வரி, அடுத்த அடி. பிழியும்போது ஒரு முறுக்குக்கு ஒரு வரி. நவம்பர் 24-க்குள் கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை மூன்றும் தடையில்லாமல் வந்தன.

இது வெறும் வாய்ப்பாடம் என்று தாங்கள் நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். மன்னிப்பைக் கேட்கும் வரிக்கு வந்த அன்று துணியைக் கீழே வைத்துவிட்டார். “பெர்னெத்தம்மா, இதுல ஒரு கொக்கி இருக்கே. நாம மன்னிச்சாத்தான் நமக்கும்னா, அந்த மியாவையுமா?” என்று கேட்டார். மீன்காரி மியாவுக்கும் இவருக்கும் துறையில் உள்ள பெரிய கல்லுக்காகப் பதினோரு வருடப் பகை என்பது நகரமே அறிந்தது. நான் ஆமென்றேன். அவர் எழுந்துபோய், “ஏய் மியா, கல்லுல பாதி உனக்கு. அந்தப் பக்கம் வழுக்கும், பாத்து” என்றார். மியா, “என்னடி, சாகப்போறியா?” என்று கேட்டார். அன்றுமுதல் இருவரும் ஒரே கல்லில்தான் துவைக்கிறார்கள். அந்த வரியைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிற எனக்கு இதுவரை எந்தக் கல்லையும் விட்டுக்கொடுக்க மனம் வந்ததில்லை.

5. டிசம்பர் 18 வியாழன், சங்கத்தின் மண்டபம். நான் வாசலில் பெண்கள் நிற்குமிடத்தில் நின்றேன். பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, தெவனா தனியே நின்றார். இங்கே என் தப்பை முதலில் சொல்கிறேன். “கையை ஆட்டாதீங்க, ஏப்ரனுக்குள்ள அடக்கமா வச்சுக்கோங்க” என்று முந்தின நாள் சொல்லிக்கொடுத்தது நான்தான். அவரும் அப்படியே வைத்தார். ஜெபம் தொடங்கியதும், வழக்கம்போல, ஏப்ரனுக்குள்ளே துணியைப் பிழிவதுபோல் கை முறுக்க ஆரம்பித்தது. சொற்கள் நன்றாகவே வந்தன. மூன்றாம் வரியில் மூப்பர் கொலோம்பா, “நிறுத்தும்மா. உள்ள என்ன உருட்டுற? ஜெபமாலையா? கையை எடுத்து மேஜைமேல வை” என்றார். தெவனா கையை மேஜைமேல் விரித்து வைத்தார். அதோடு ஜெபம் போயிற்று. ஒரு சொல்லும் வரவில்லை.

காவலரின் மனைவியை அழைத்து ஏப்ரன் பையைச் சோதித்தார்கள். ஒரு துண்டுச் சோப்பும், துளையிட்ட சிறிய எலும்பு மணி ஒன்றும் கிடைத்தன. “ஜெபம் கற்கவில்லை, ரகசியமாய் ஜெபமாலை மணி உருட்டுகிறார், மணி ஒன்று கைப்பற்றப்பட்டது” என்று பதிவேட்டில் எழுதினார்கள். ஈஸ்டர்வரை விலக்கு, அப்போதும் இப்படியே இருந்தால் அதற்கப்பாலும் விலக்கு என்று தீர்ப்பாயிற்று.

6. வெளியே வந்ததும் அது என்ன மணி என்று அவரைக் கேட்டேன். “மணியா? அது கொலோம்பா அய்யாவோட சட்டைக் கழுத்துப் பொத்தான்மா. துவைக்கும்போது தெறிச்சிருச்சு. தைச்சுக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன்” என்றார். அதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, “அய்யா கழுத்து தெறந்து கெடக்குன்னு பன்னெண்டு பேரு முன்னால எப்படிம்மா சொல்றது? அவரு மொகம் என்னாகும்?” என்றார்.

இதை நான் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட. மூப்பர் கொலோம்பா கண்டிப்பானவர், ஆனால் வஞ்சகர் அல்ல. கொள்ளைநோய் வந்த வருடம் எங்கள் தெருவில் கதவு கதவாகத் தட்டி விசாரித்தவர் அவர் ஒருவர்தான். உண்மை தெரிந்தால் பதிவேட்டைத் திருத்தச் சொல்லுகிற முதல் ஆள் அவராகவே இருப்பார் என்று நம்புகிறேன். பொத்தான் சங்கத்தின் பெட்டியில் இருக்கிறது. சட்டை அவர் அலமாரியில் இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். வேறு சாட்சி வேண்டியதில்லை.

7. தெவனா சோர்ந்துபோகவில்லை என்பதையும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் துறையில் இப்போது ஐந்து பெண்கள் ஜெபம் சொல்லுகிறார்கள். மியா மட்டும் களவு செய்யாதே என்னும் எட்டாம் கற்பனையைச் சற்று வேகமாகத் தாண்டுகிறார். சென்ற வாரம் நான் ஜெபத்தாளைக் கொண்டுபோயிருந்தேன். தெவனா ஈரக்கையைத் துடைத்துவிட்டு ஒரு எழுத்தைத் தொட்டு, “இது மார்வால் அய்யா வீட்டுப் படுக்கை விரிப்பு” என்றார். அடுத்ததைத் தொட்டு, “இது உங்க வீட்டுத் துண்டு” என்றார். துணி மாறாமலிருக்க ஓரத்தில் சிவப்பு நூலால் தைக்கிற எழுத்துகளை இருபது வருடமாகப் பார்த்துவருபவர் அவர். எழுத்தில் முக்கால்வாசி அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாமலிருந்தது. கோடைக்குள் தாளைப் பார்த்துப் படித்துவிடுவார் என்று என் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஆகையால் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

மார்ச் மாதம் 9 அல்லது 16, ஏதாவது ஒரு திங்களன்று, மூப்பர் இருவர் துவைக்கும் துறைக்கு வந்து, தெவனா வேலைசெய்யும்போதே அவர் ஜெபத்தைக் கேட்க வேண்டும். அவர்களைக் கண்டு மிரளாமலிருக்க, துறையோரத்து அலரி மரத்துக்குப் பின்னால் நின்றால் நல்லது. அங்கேயே தெளிவாகக் கேட்கும். பொத்தானையும் ஒப்பிட்டுப் பார்த்து, பதிவேட்டில் “மணி” என்று உள்ளதைத் திருத்த வேண்டும். மூப்பர்கள் சேற்றில் இறங்குவது தகாதென்று தாங்கள் கருதினால், மண்டபத்துக்குள் ஒரு தொட்டியும் ஒரு ஈரத்துணியும் கொண்டுவர மட்டும் அவருக்கு அனுமதி தாருங்கள். சிந்தும் தண்ணீரை நானே துடைத்துவிட்டுப் போகிறேன்.

ஈஸ்டர் மார்ச் 29. மேஜைத்துணி அதற்கு முந்தின வாரம் அவரிடம் வரும். இந்த முறை தான் வெளுத்த துணிக்கு முன்னால் அவரும் வந்து நிற்பார் என்ற நம்பிக்கையோடு, தங்கள் நல்ல உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பெர்னெத்

இடம்: மொந்தெல்
நாள்: 1562 பிப்ரவரி 26, வியாழன்

மேலே உள்ளதைத் தெவனாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொத்தானைப் பற்றிய பகுதியை எடுத்துவிடச் சொன்னார். உண்மையை மறைப்பது தகாதென்று நான் மறுத்துவிட்டேன். சம்மதத்துக்கு அடையாளமாக வழக்கம்போல் ஒரு சிலுவைக் கீறல் போடச் சொன்னதற்கு, “வேணாம்மா, அதையும் தப்பா எடுத்துக்கப் போறாங்க” என்று சொல்லி, துணியின் ஓரத்தில் தைக்கிற மாதிரியே தன் பெயரின் முதலெழுத்தை இட்டிருக்கிறார். அவர் எழுதிய முதல் எழுத்து இது:

தெ