கெர்னல் போட்ட தப்புக் கணக்கு

ஜூன் 3, செவ்வாய்

மறுபடியும். ஃபாக்டரியில் கார்க் கதவுத் தகட்டைத் தூக்கிய ரோபோ கை அப்படியே துவண்டது. பிரேக் பிடிப்பதற்குள் தகடு விழுந்துவிட்டது. ரோபோவைச் சுற்றிய வேலிக் கூண்டுக்குள் தகடு எடுத்துவைக்கும் அப்பாவு அண்ணனின் ஷூவை உரசிக்கொண்டு.

"இன்னாமா மதி, உன் ரோபோ தூங்கிப்பூச்சா?"

சிரித்தாரே தவிர, தண்ணீர் பாட்டிலைத் திறக்க அவரால் முடியவில்லை. அந்தக் கையை ஓட்டும் கம்ப்யூட்டர் என் பொறுப்பு.

ஜூன் 4, புதன்

மெமரி தீர்ந்துவிட்டதென்று, கையை ஓட்டும் புரோகிராமை, எல்லாப் புரோகிராம்களையும் மேய்க்கும் கெர்னலே பாதியில் நிறுத்திக் கொன்றிருக்கிறது. ஆனால் மெமரி பாதிக்குமேல் காலி! அப்புறம் ஏன்?

ஜூன் 5, வியாழன்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோ ஏறியதுமே லேப்டாப்பைத் திறந்து கெர்னலின் வரிகளைப் புரட்டினேன்.

ஜூன் 6, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். புரோகிராம் மெமரி வாங்கினால் கெர்னல் அதன் பேரில் எழுதிக்கொள்ளும். திருப்பித் தந்தால் கழிக்கும். ரோபோவின் கேமராக்கள் எடுக்கும் படங்களுக்கு வாங்கியதை மட்டும் கழிப்பதேயில்லை. கணக்கு ஏறிக்கொண்டே போய் வரம்பைத் தொட்டதும் கொலை. கழிப்பதற்கு கெர்னலில் ஒரு வரி சேர்த்தேன்.

ஜூன் 7, சனி

"ஒரு வரிதானேம்மா? இன்னைக்கே போடு. லைன் நிக்குது" என்கிறார் மேனேஜர் ஸ்ரீதர் சார்.

எங்கேயோ உறுத்துகிறது. எப்போதாவது இரண்டு தடவை கழித்துவிட்டால்? கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகும். கெர்னலின் இந்தக் கணக்குக்கு மைனஸ் தெரியாது. பிரம்மாண்டமான எண் என்று நினைத்து உடனே கொல்லும். அப்போது கைக்கு அடியில் யார் இருப்பார்கள்?

ஜூன் 8, ஞாயிறு

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு அம்மா கூப்பிட்டாள். போகவில்லை.

ஜூன் 9, திங்கள்

"நீ போடலன்னா வேற ஆள வச்சுப் போடுவேன்" என்றார் சார்.

"போடறேன் சார். ஆனா கூண்டுக்குள்ள ஆள் இருக்கக் கூடாது. இருந்தா மெயின் ஸ்விட்சை நானே ஆஃப் பண்ணிடுவேன்."

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அப்பாவு அண்ணன் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். "அந்தப் பொண்ணு சொல்லட்டும் சார். அப்பால உள்ள போறேன்."

ஆளில்லாமல் ஓட்டினார்கள். நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று ஒரு கேமரா, படத்தைப் பாதியில் விட்டது. கை துவண்டது. தகடு அண்ணன் நிற்கிற இடத்திலேயே விழுந்தது.

ஐயோ, முருகா.

ஜூன் 11, புதன்

படம் பாதியில் அறுந்தால் மட்டும் கழிக்கும் வரி ஒன்று முன்பே இருந்திருக்கிறது; என் வரியும் சேர்ந்து இரண்டு தடவை கழிக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டேன். கேமரா வயரை வேண்டுமென்றே பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கிறேன். கை துவளவில்லை. நம்பத்தான் பயம்.

ஜூன் 16, திங்கள்

"உள்ள போலாமாம்மா?"

அப்பாவு அண்ணன் கேட்டது என்னை. ஸ்ரீதர் சாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"போங்கண்ணே" என்றேன். சொல்லிவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து சார் தானே ஒரு ஸ்டூல் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்.

ஷிப்டு முடிகிறவரை நான் உட்காரவில்லை.